ஜாம்ஷெட்ஜி டாட்டாவும் நூற்கும் கதிரும்

தாம்பரத்தில் நமது கலாசாலை விடுதியொன்றில் வசிக்கும் மாணாக்கன், காலையில் வகுப்புக்குப் புறப்படுமுன், தான் உடுத்திய வேட்டியின் ஓரத்தினின்று ஓர் இழையை உருவி வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பானாக. குட்டையான பஞ்சு நார்கள் பல ஒன்றோடொன்று பிணைந்து, முறுக்கேறி, அறாத நூலாக நீண்டிருப்பதைக் காண்பான். அது கையால் நூற்ற நூலன்றாயின், பெரும்பாலும் ஒரு சிறு எஃகு வளையத்தின் நடுவே சுழலும் கதிரில் நூற்கப்பட்டதாகவே இருக்கும். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என வரிசையாக அமைந்த நமது புறநகர்க் கடைவீதிகளில் அடுக்கி வைத்திருக்கும் பருத்தித் துணிகளுட் பெரும்பகுதியும் அவ்வாறு பிறந்த நூலால் நெய்ததே.

அவ் வளையக் கதிரை ஆங்கில நாட்டு ஆலைக்காரர் ஐயத்தோடு நோக்கிய நாளில், அதனை இந்திய மண்ணிற் சோதித்து நிலைநாட்டியவர்களுள் தலையாயவர் ஜாம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டா என்னும் பார்சிப் பெரியார். இரும்புத் தொழிலாலும், பெங்களூரிலுள்ள விஞ்ஞானக் கழகத்தாலும் அவர் பெயரை அறியாதார் இலர். ஆயினும், அவர்தம் உழைப்பின் பெரும்பகுதி பஞ்சிலும் நூலிலும் கழிந்தது என்பதையும், பிற்காலத்துப் பெருமுயற்சிகளுக்கு வேண்டிய பொருளும் பழக்கமும் நூலாலைகளிலேயே அவருக்குக் கிடைத்தன என்பதையும் அறிந்தோர் சிலரே. ஆதலின் அவரை நூலாலைத் தலைவராகவே கொண்டு அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

பிறப்பும் கல்வியும்

ஜாம்ஷெட்ஜி 1839-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 3-ஆம் தேதி கூர்ஜர நாட்டிலுள்ள நவசாரி என்னும் ஊரிற் பிறந்தார். அவருடைய முன்னோர் பல தலைமுறைகளாகப் பார்சி சமயத்துக் குருமாராக இருந்தவர்கள். தந்தையாராகிய நசர்வான்ஜியே அக்குடும்பத்தில் முதன்முதலாகக் குருத்துவத் தொழிலை விடுத்து வியாபாரத்தில் இறங்கியவர். அவர் பம்பாயில் ஊன்றிய பின்னர்த் தம் மைந்தனையும் அங்கு வருவித்தார். 1856-இல் ஜாம்ஷெட்ஜி எல்பின்ஸ்டன் கலாசாலையிற் சேர்ந்து, 1858-இல் அக்காலத்துப் பட்டத்துக்கு நிகரான தேர்ச்சியைப் பெற்று வெளிவந்தார். நூல்களைப் படிக்கும் பழக்கம் அங்கு அவரிடம் வேரூன்றிற்று. தம் வாழ்நாள் முழுவதும் அதனை அவர் விட்டிலர்.

படிப்பு முடிந்ததும் தந்தையாரின் வியாபாரத்திற் புகுந்த அவர், 1859-இல் ஹாங்காங் சென்று சீன தேசத்து வாணிகத்தைப் பழகினார். அதன் பின்னர் வந்தது அமெரிக்க உள்நாட்டு யுத்தம். 1861 முதல் 1865 வரை நடந்த அப்போரினால் அமெரிக்கப் பருத்தி லங்காஷயர் ஆலைகளுக்குச் செல்வது தடைப்பட்டது. இந்தியப் பருத்திக்கு என்றுமில்லாத விலை ஏறியது. பம்பாய் நகரில் பொன்மாரி பொழிந்தது போலாயிற்று. நாள்தோறும் புதிய பாங்குகளும் கம்பெனிகளும் தோன்றின. டாட்டா குடும்பத்தாரும் அவ்வெள்ளத்திற் கலந்துகொண்டனர். ஜாம்ஷெட்ஜி 1864-இல் வாணிக நிமித்தமாக இலண்டன் நகர் சென்றார்.

யுத்தம் முடிந்தது, பருத்தி விலை சரிந்தது, பம்பாய்ப் பாங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. இலண்டனில் நின்ற அவ்விளைஞர் கையிலிருந்த உண்டியல்கள் வெறுங் காகிதமாயின. வேறொருவராயின் அயல்நாட்டில் ஒளிந்திருப்பர். அல்லது கணக்கை மறைத்துக் காலம் கடத்தியிருப்பர். ஜாம்ஷெட்ஜியோ கடன் கொடுத்தவர்களை நேரே கண்டு, தம் நிலையை ஒளிவு மறைவின்றி எடுத்துரைத்தார். அவருடைய நேர்மையைக் கண்ட அவர்கள், அக்கணக்குகளைத் தீர்க்கும் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்து, மாதம் 20 பவுன் ஊதியமும் வகுத்தனர் என்பர். பம்பாயில் தந்தையார் தம் வீட்டை விற்றுக் கடன் தீர்த்தார். பொருளை இழந்த அக்குடும்பம் நாணயத்தை இழக்கவில்லை. அந்நாணயமே பின்னர் அவர்களுக்கு முதலாயிற்று.

யந்திர நூற்பின் முன்வரலாறு

ஜாம்ஷெட்ஜி நூற்புத் தொழிலிற் புகுந்த காலத்தில் அத்தொழில் எந்நிலையில் இருந்தது என்பதை அறிந்தாலன்றி, அவர் செய்ததன் அருமை விளங்காது.

கைராட்டையில் நூற்பவள் ஒரு வேளையில் ஓர் இழையையே நூற்க இயலும். ஒரு தறிக்கு வேண்டிய நூலைக் கொடுக்கப் பலர் இருந்து நூற்க வேண்டும். இக்குறையை நீக்கவே இங்கிலாந்தில் யந்திரங்கள் பிறந்தன. 1764-ஐ ஒட்டி ஹார்கிரீவ்ஸ் என்னும் நெசவாளர் ஒரே சக்கரத்தால் பல கதிர்களைச் சுழற்றும் ஜென்னி யந்திரத்தை அமைத்தார். 1769-இல் ஆர்க்ரைட் என்பவர், வெவ்வேறு வேகத்திற் சுழலும் உருளைகளின் இடையே பஞ்சுத் திரியைச் செலுத்தி மெல்லிதாக இழுத்து, ஓயாது நூற்கும் யந்திரத்துக்கு உரிமை பெற்றார். அது நீர் விசையால் இயங்கிற்று. 1779-இல் கிராம்டன் இவ்விரண்டின் தன்மைகளையும் ஒருங்கே சேர்த்தார். இரு வேறு இனத்துப் பிறந்த கோவேறு கழுதையைப் போன்றதாதலின் அதற்கு மியூல் என்று பெயர் வந்தது. நுண்ணிய நூலுக்கு அதற்கு நிகரில்லை. ராபர்ட்ஸ் என்பவர் 1830-க்குள் அதனைத் தானாகவே இயங்குமாறு திருத்தினார். அதன் பின்னர் லங்காஷயர் முழுவதும் மியூலே ஆட்சி செய்தது.

மியூலின் இயக்கத்தில் ஒரு குறை உண்டு. கதிர்களைத் தாங்கிய வண்டி சில அடி தூரம் வெளியே ஓடி நூலை இழுத்து முறுக்கும். பின் உள்ளே திரும்பும்போதே முறுக்கிய நூலைச் சுற்றும். ஆகவே சுற்றும் வேளையில் நூற்பு நிற்கிறது. ஆர்க்ரைட்டின் வழிவந்த திராசில் யந்திரம் ஓயாது நூற்குமாயினும், கதிரின் மேலுள்ள இரும்புக் கைகள் கனமுள்ளனவாதலின் மிகுந்த வேகத்தைத் தாங்கமாட்டா.

1828-இல் அமெரிக்க நாட்டில் தார்ப் என்பவர் இக்குறைக்கு வழி கண்டார். கதிரைச் சுற்றிலும் அசையாத வளையம் ஒன்றை அமைத்தால் கனத்த கைகள் வேண்டா என்பதே அவர் கருத்து. அவ் வளையத்தின் விளிம்பில் கம்பியாலாகிய சிறு கொக்கி ஒன்றை ஓடவிடும் முறை அடுத்து வந்தது. ஆலைகளில் இன்றும் அதனை டிராவலர் என்றே வழங்குவர். உருளைகளினின்று இறங்கும் நூல் இக்கொக்கியினூடே சென்று கதிரிலுள்ள கட்டையை அடைகிறது. கதிர் சுழலும்போது நூல் கொக்கியை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அதனால் முறுக்கு ஏறுகிறது. கொக்கி கதிரினும் சற்றே பிந்தி ஓடுவதால் அப்பிந்திய அளவு நூல் கட்டையிற் சுற்றிக்கொள்கிறது. முறுக்குதலும் சுற்றுதலும் ஒரே கணத்தில் நடைபெறுகின்றன. யந்திரம் நிற்க வேண்டுவதில்லை. எளிமையும் வேகமும் ஒருங்கே அமைந்த இதுவே வளைய நூற்பு. ஆயினும் இக் கருத்து நன்கு பயன்படுதற்கு உறுதியான கதிர்கள் வேண்டியிருந்தன. 1870-க்குப் பின்னரே அத்தகைய கதிர்கள் அமெரிக்காவில் தோன்றின.

நாகபுரி ஆலை

இந்தியாவில் தாவர் என்னும் பார்சி கனவான் 1854-இல் ஸ்தாபித்த கம்பெனியின் பஞ்சாலை 1856-இல் பம்பாயில் வேலை தொடங்கிற்று. அது தொட்டு அந்நகரில் ஆலைகள் பெருகின. ஜாம்ஷெட்ஜி 1868-இல் 21,000 ரூபாய் மூலதனத்தோடு தம் சொந்த வியாபாரத்தைத் தொடங்கினார். மறு வருஷம் சிஞ்சுபோக்லியில் நொடித்துப்போன எண்ணெய் ஆலையொன்றை வாங்கிப் பஞ்சாலையாக மாற்றினார். அலெக்ஸாண்டிரா மில் என்று பெயர் பெற்ற அதனை இரண்டு வருஷத்துக்குள் இலாபத்தோடு விற்றுவிட்டு, நூற்புத் தொழிலின் நுணுக்கங்களைக் கண்ணாரக் காண லங்காஷயருக்குச் சென்றார்.

திரும்பியதும் அவர் ஆராய்ந்தது, ஆலையை எங்கே அமைப்பது என்பதே. பம்பாயில் அமைப்பதே வழக்கம். அவரோ, பருத்தி விளையும் இடம், விலையாகும் சந்தை, நிலக்கரியும் நீரும் கிடைக்கும் வசதி, ரயில் பாதை ஆகிய இவை எங்கு ஒருங்கே பொருந்துகின்றனவோ அங்கேயே ஆலை வேண்டுமெனத் துணிந்து, மத்திய மாகாணத்து நாகபுரியைத் தேர்ந்தார். 1874-இல் 15 லக்ஷம் ரூபாய் மூலதனத்தில் கம்பெனி பதிவாயிற்று. கிடைத்த நிலமோ சதுப்பு. அதனை மண்ணிட்டு மேடாக்க வேண்டியிருந்தது. பணமுதவி வேண்டப்பட்ட உள்ளூர் வட்டிக்கடைக்காரர் ஒருவர், பொன்னை மண்ணிற் புதைக்கும் மனிதருக்குத் தாம் பணம் தருவதில்லை என மறுத்தார் என்றும், பின்னாளில் மண்ணைப் போட்டுப் பொன்னை எடுத்தவர் டாட்டாவே என ஒப்புக்கொண்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது.

1877-ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதி, விக்டோரியா இராணியார் இந்தியச் சக்கரவர்த்தினியெனப் பிரகடனம் செய்யப்பட்ட அன்றே ஆலை திறக்கப்பட்டது. அதனால் அது எம்பிரஸ் மில், அஃதாவது சக்கரவர்த்தினி ஆலை எனப்பட்டது. திராசில் கதிர்களும் மியூல் கதிர்களுமாக ஏறத்தாழ 30,000 கதிர்களும், 450 தறிகளும் அங்கு அமைந்தன. ரயில்வே அலுவலிலிருந்து வந்த பெசன்ஜி மேத்தா என்பவரை ஜாம்ஷெட்ஜி நிர்வாகியாக நியமித்தார். பஞ்சாலையை அறியாத ஒருவருக்கு இத்தகைய பதவியா எனப் பலரும் வியந்தனர். ஆட்களை மதிப்பிடுவதில் டாட்டா பிழை செய்யவில்லை என்பதைக் காலம் காட்டிற்று. யந்திரப் பகுதிக்கு ஆங்கிலேயராகிய புரூக்ஸ்பி பொறுப்பேற்றார்.

தொடக்கம் இனிதாக அமையவில்லை. முதலில் வாங்கிய யந்திரங்கள் மலிவானவை. அவை தந்த நூலும் அவ்வாறே இருந்தது. நாகபுரியின் வறண்ட காற்றில் இழைகள் அடிக்கடி அறுந்தன. மலிவு யந்திரம் மலிவன்று என்னும் பாடத்தை அவர் தம் கைப்பொருளைக் கொடுத்தே கற்றார். கற்றபின் அவர் தயங்கவில்லை. பழைய யந்திரங்களைப் படிப்படியாகக் கழித்துச் சிறந்தவற்றை வருவித்தார்.

வளையக் கதிரின் சோதனை

1880-ஐ அடுத்த வருஷங்களில் வளையக் கதிரைப்பற்றிய செய்தி அவர் செவிக்கு எட்டிற்று. யந்திர நூற்பின் தலைநகராகிய லங்காஷயர் அதனைப் பெரிதும் ஏற்கவில்லை. இதற்குக் காரணங்கள் இல்லாமலில்லை. அங்குள்ள ஆலைகளில் பெரும் பொருள் மியூல்களில் முடங்கியிருந்தது. மியூலை இயக்கும் தேர்ந்த தொழிலாளர் அங்கு தலைமுறை தலைமுறையாக இருந்தனர். அவர்கள் நூற்றது பெரும்பாலும் நுண்ணிய நூல். அதற்கு மியூலே ஏற்றது. மேலும் வளையக் கதிரில் நூல் மரக்கட்டையிற் சுற்றப்படுவதால், நூலாலை ஓரிடத்திலும் நெசவாலை வேறிடத்திலும் இருந்த அந்நாட்டில், நூலோடு கட்டையையும் சுமந்து செல்லும் செலவு நேர்ந்தது.

ஆனால் லங்காஷயருக்குப் பொருந்திய காரணங்கள் நாகபுரிக்குப் பொருந்துமா? இவ்வினாவை எழுப்பியதிலேதான் ஜாம்ஷெட்ஜியின் அறிவு விளங்குகிறது. நம் நாட்டுப் பருத்தி குட்டை நாருடையது. அதில் நூற்பது தடித்த நூல். மியூலைக் கையாளும் பழங்குடித் தொழிலாளர் இங்கில்லை. வளைய யந்திரத்தையோ புதியவர்களும் விரைவிற் பழகலாம். நூற்பும் நெசவும் ஒரே மதிலுக்குள் நடப்பதால் கட்டையைச் சுமக்கும் செலவும் இல்லை. ஆகவே அங்கே குறையாகத் தோன்றியவை இங்கே குறையாகா.

எனினும் வெறும் தர்க்கத்தை மாத்திரம் நம்பி அவர் பணத்தை இறைக்கவில்லை. 1883-இல் இரண்டு வளைய யந்திரங்களை மட்டும் வருவித்து, அவற்றை மற்ற யந்திரங்களோடு ஒருங்கே ஓட்டி, எத்தனை நூல் வருகிறது, எத்தனை முறை அறுகிறது, செலவு எவ்வளவு என்று கணக்கெடுக்கச் செய்தார். புரூக்ஸ்பியும் மற்றோரும் வேகத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பார்த்தனர். எதிர்பார்த்த அளவுக்கு மேலாகவே அக்கதிர்கள் சுழன்றன, நூலும் மிகுந்தது. சோதனை வெற்றி என்று கண்டவுடன், அதுகாறும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்த பழைய கதிர்களை அகற்றி வளையக் கதிர்களை நிறுவத் தொடங்கினார்.

இதில் உள்ள துணிவைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். நொடித்த ஆலையில் யந்திரத்தை மாற்றுவது எளிது, இழப்பதற்கு ஒன்றுமில்லை. இலாபம் தரும் ஆலையில், அவ்விலாபத்தைத் தந்த யந்திரத்தையே கழித்துப்போடுவது அருமை. பங்குக்காரர் கேட்பர், அயலார் நகைப்பர், தவறினால் பழி ஒருவர்மேல் விழும். அவர் அதனைச் செய்தார். பம்பாய் ஆலைக்காரரும் பின்னர் அவர் வழியைப் பின்பற்றினர். லங்காஷயரோ அடுத்த நூற்றாண்டிலும் நெடுங்காலம் மியூலைக் கைவிடவில்லை. கற்றுக்கொள்ளச் சென்றவன் கற்பித்தவனுக்கு முந்தி நடந்த செய்தி இது.

சுதேசி ஆலையின் சோதனை

வெற்றி கண்டவர் அதே வழியில் இளைப்பாறுதல் இயல்பு. ஜாம்ஷெட்ஜியோ 1886-இல் தம் வாழ்நாளின் பெருந்துன்பம் ஒன்றைத் தாமே விலைக்கு வாங்கினார். பம்பாயை அடுத்த குர்லாவில் தரம்சி மில் என்னும் பெரிய ஆலை நொடித்து ஏலத்துக்கு வந்தது. பெரும் பொருட்செலவில் எழுப்பிய அதனை 12½ லக்ஷம் ரூபாய்க்கு அவர் வாங்கி, சுதேசி மில் என்று பெயரிட்டார். தேசத்தவரே பங்குபெற்று நடத்தும் தேசத் தொழில் என்பதே அப்பெயரின் கருத்து. மட்டமான நூலோடு நில்லாமல் நுண்ணிய நூலையும் உயர்ந்த துணியையும் இந்தியரே செய்யவேண்டும் என்பது அவர் நோக்கம்.

உள்ளே புகுந்து பார்த்தபோதுதான் யந்திரங்கள் எவ்வளவு பழுதுற்றிருந்தன என்பது தெரிந்தது. ஒன்றைச் செப்பனிட்டால் மற்றொன்று நின்றது. அங்கு நூற்ற நூலைப்பற்றிச் சீனத்து வியாபாரிகள் குறை கூறினர். பங்குகளின் விலை வீழ்ந்தது. டாட்டா என்னும் பெயரை நம்பிப் பணமிட்டோர் கலங்கினர். அப்போது அவர் ஐம்பதை நெருங்கியவர். நாகபுரி ஆலையின் வருவாயோடு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

அவர் செய்தது வேறு. நாகபுரியில் தமக்கிருந்த சொந்தப் பங்குகளில் ஒரு பகுதியை விற்று, அப்பணத்தைச் சுதேசி ஆலையிற் போட்டார். நாகபுரியில் தேர்ந்த ஆட்களைக் குர்லாவுக்கு வரவழைத்தார். பழைய யந்திரங்கள் கழிக்கப்பட்டன. புதிய கதிர்கள் வந்தன. சில வருஷங்களில் ஆலை நிமிர்ந்தது. அதன் நூல் தூர கிழக்குச் சந்தைகளில் நன்மதிப்பைப் பெற்றது. இலண்டனில் 1865-இல் கடன்காரர் முன்னிலையில் நேர்மையாக நின்ற இளைஞரே, இருபது வருஷம் கழித்துப் பங்குக்காரர் முன்னிலையிலும் நின்றார் என்பதை இச்செய்தி காட்டுகிறது.

தொழிலாளர்

யந்திரம் எத்தகையதாயினும், அறுந்த இழையைச் சேர்ப்பது மனிதனின் விரலே. அந்நாளில் நம் நாட்டு ஆலைகளில் தொழிலாளர் நிலை இரங்கத்தக்கதாகவே இருந்தது. 1881-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்க இடங்கொடுத்தது. அவர்களுக்கு நாளொன்றுக்கு ஒன்பது மணி நேர வேலை என வரையறுத்தது. வளர்ந்தவர்களின் வேலை நேரத்துக்கு அதில் எல்லையே இல்லை. நாகபுரி ஆலையும் அக்காலத்துக்குப் புறம்பானதன்று. இதனை மறைத்துப் புகழ்வது வரலாறாகாது.

எனினும் அக்கால வழக்கத்தினும் சில படிகள் மேலே சென்றவர் ஜாம்ஷெட்ஜி என்பதும் உண்மை. நாகபுரியில் தொடக்கத்திற் பலர் வேலைக்கு ஒழுங்காக வருவதில்லை. தண்டனையால் அவர்களைத் திருத்த முயலாமல், ஒழுங்காக வருவோர்க்குப் பரிசுகள் வழங்கினார். 1886-இல் ஓய்வூதிய நிதியும், 1895-இல் விபத்துக்கு ஈடு செய்யும் நிதியும் ஏற்பட்டன. சட்டம் இவற்றைக் கட்டாயமாக்குவதற்கு நெடுநாள் முன்னரே இவை நடந்தன. காற்றை ஈரப்படுத்தும் கருவிகளும், காற்றோட்ட வசதிகளும், தீயணைக்கும் நீர்த்தெளிப்புக் குழாய்களும் ஆலையில் அமைந்தன. ஈரக்காற்று நூலுக்கு நல்லது என்பது உண்மை. ஆயினும் காற்றோட்டம் மனிதருக்கும் நல்லதன்றோ? படித்த இளைஞரை ஆலையிற் பயிற்சிக்குச் சேர்த்து, கையை அழுக்காக்கிக் கற்கச் செய்த வழக்கத்தையும் அவர் தொடங்கினார்.

தோல்விகள்

எடுத்த காரியமெல்லாம் அவருக்குக் கைகூடிற்று என எண்ணற்க. அக்காலத்து இந்திய நூலுக்குச் சீனமே பெருஞ்சந்தை. அங்கு நூலைக் கொண்டுசெல்லும் கப்பல் கூலியோ மிகுதி; அதனைப் பெரிய கப்பற் கம்பெனியார் தம் விருப்பப்படி வகுத்தனர். 1893-இல் ஜாம்ஷெட்ஜி ஜப்பான் சென்று, அந்நாட்டு நிப்பான் யூசன் கைஷா கம்பெனியாரோடு உடன்பட்டுத் தாமும் கப்பல்களை அமர்த்தினார். எதிர்க் கம்பெனியார் கூலியைப் பன்மடங்கு தாழ்த்தினர். அச்சிறு நயத்தை நாடி, உடன் நிற்போம் என்ற ஆலைக்காரர் பலர் விலகினர். அவர் தம் கப்பல்களை நிறுத்த நேர்ந்தது.

நுண்ணிய நூலுக்கு நீண்ட நாருள்ள பருத்தி வேண்டும் என்று கருதி, எகிப்துப் பருத்தியை இந்நாட்டிற் பயிரிடப் பெரிதும் முயன்று, உழவருக்காக அதுபற்றிய சிறு நூலும் வெளியிட்டார். அம்முயற்சி அவர் விரும்பியவாறு பலிக்கவில்லை. 1896-இல் இந்திய ஆலைத் துணிமீது நூற்றுக்கு 3½ வீதம் வரி விதிக்கப்பட்டபோது, அதன் அநீதியைக் கணக்குகளோடு எடுத்துக்காட்டி வாதாடினார். அவ்வரி அவர் காலத்தில் நீங்கவில்லை. 1926-இலேயே அது முற்றும் ஒழிந்தது. இத்தோல்விகள் ஒவ்வொன்றிலும் ஒரே இயல்பைக் காண்கிறோம்: கேள்விப்பட்டதைச் சோதிப்பது, சோதித்ததைச் செய்வது, செய்ததன் விளைவைத் தாமே ஏற்பது.

பிற்கால எண்ணங்கள்

நூலாலைகளில் ஈட்டிய பொருளை அவர் மூன்று பெருங்காரியங்களுக்கு வகுத்தார்: இரும்பும் எஃகும் செய்வது, மலையருவியினின்று மின்சாரம் எடுப்பது, விஞ்ஞான ஆராய்ச்சிக்கு ஒரு கழகம் அமைப்பது. ஆலைக்குக் கரி செலவாவதைக் கண்டவர் நீர் விசையை நாடினார். யந்திரங்கள் யாவும் கடல் கடந்து வருவதைக் கண்டவர் எஃகை நாடினார். அவற்றை அறிந்த நிபுணரும் கடல் கடந்தே வருவதைக் கண்டவர் கல்வியை நாடினார். 1892-இல் மேல்நாடு சென்று உயர்கல்வி கற்க விரும்பும் மாணாக்கர்க்கு உதவ ஒரு நிதியை ஏற்படுத்தினார். 1898-இல் தம் சொத்துகளில் ஏறத்தாழ 30 லக்ஷம் ரூபாய் மதிப்புள்ளவற்றை விஞ்ஞானக் கழகத்துக்கென ஒதுக்கினார்.

இம்மூன்றில் ஒன்றேனும் நிறைவேறக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1904-ஆம் வருஷம் மே மாதம் 19-ஆம் தேதி ஜெர்மனி தேசத்து நௌஹைம் என்னும் ஊரில், தம் 65-ஆம் வயதில் உயிர் நீத்தார். இங்கிலாந்தில் புரூக்வுட் என்னும் இடத்தில் அவருடல் அடக்கம் செய்யப்பட்டது. மைந்தராகிய தொராப்ஜியும் ரத்தனும் மற்றோரும் அவர் விட்ட பணியை முடித்தனர். 1907-இல் எஃகுக் கம்பெனி தோன்றிற்று. மைசூர் அரசாங்கத்தார் அளித்த நிலத்தில் 1909-இல் பெங்களூர்க் கழகம் நிறுவப்பட்டு, 1911-இல் மாணாக்கரைச் சேர்த்துக்கொண்டது. 1915-இல் மேற்கு மலைத்தொடரின் நீர் பம்பாய் ஆலைகளுக்கு மின்சாரமாக வந்தது.

முடிவுரை

சென்னையிலிருந்து வடக்கே டில்லிக்குச் செல்லும் ரயில் நாகபுரியைக் கடந்தே செல்கிறது. அங்கு அவர் எழுப்பிய ஆலை இன்று இயங்கவில்லை. நமது சென்னைப் பெரம்பூரில் 1876-இலும் 1881-இலும் தோன்றிப் பல்லாயிரவர்க்கு வேலை தந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளும் 1996-இல் மூடப்பட்டன. கட்டடங்கள் மறைந்தன, வளையக் கதிரோ மறையவில்லை. இந்திய நாட்டிலேயே நூற்பாலைகள் மிகுந்தது நம் தமிழ்நாடு. கோயம்புத்தூர், திண்டுக்கல், இராஜபாளையம் முதலிய இடங்களில் இன்று சுழலும் கதிர்களுட் பெரும்பாலானவை, 1883-இல் நாகபுரியிற் சோதிக்கப்பட்ட அதே முறையிலேயே நூற்கின்றன. வேகம் மட்டும் மிகுந்துள்ளது. நிமிஷத்துக்கு 20,000 சுற்றுச் சுற்றும் கதிர்களும் உண்டு.

இதனோடு மற்றொன்றையும் நினைத்தல் நம் கடமை. யந்திரக் கதிர் பெருகியபோது கைராட்டையில் நூற்றுப் பிழைத்த எண்ணிறந்த ஏழைப் பெண்டிர் தம் சிறு வருவாயை இழந்தனர். லங்காஷயர் நூலினால் தொடங்கிய அத்துன்பத்தை இந்திய ஆலை நூல் நீக்கவில்லை. அத்துன்பத்தைக் கண்டே காந்தியடிகள் ராட்டையை மீண்டும் எடுத்தார். பின்னர், தமிழராகிய ஏகாம்பரநாதன் என்பவர், ஆலையிலுள்ள உருளைகளும் வளையக் கதிரும் இயங்கும் முறையையே சிறியதொரு கைராட்டையில் அமைத்தார். 1950-ஐ அடுத்த வருஷங்களில் நாடெங்கும் பரவிய அது, அவர் பெயரின் ஒரு பகுதியைக்கொண்டே அம்பர் ராட்டை என வழங்கலாயிற்று. பெரும் ஆலையிற் பிறந்த முறை குடிசைத் திண்ணைக்கும் பயன்பட்டமை இவ்வாறு.

மாணாக்கர் ஜாம்ஷெட்ஜியின் வரலாற்றினின்று கொள்ளத்தக்கது அவருடைய செல்வத்தையன்று. வல்லவர் என உலகம் போற்றுவோர் ஒன்றை வேண்டாம் என்றபோது, அவர்கள் கூறும் காரணம் தம் நாட்டுக்கும் தம் பஞ்சுக்கும் பொருந்துமா என அவர் கேட்டார். இரண்டே யந்திரங்களை வைத்துச் சோதித்தார். விடை தெரிந்தபின், இலாபம் தந்த பழையதையும் கழிக்க அஞ்சவில்லை. நமது கலாசாலையின் சோதனைச் சாலைகளிலும் நூல் நிலையத்திலும் நாம் பழக வேண்டிய பழக்கமும் அதுவே. நாளை காலையில் நம் வேட்டியின் ஓரத்தில் ஓர் இழை பிரியுமாயின், அதனை அறுத்தெறியுமுன் ஒரு கணம் அப்பெரியாரை நினைப்போமாக.